பதினஞ்சு மணி நேரமாம்ல!

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. இந்தத் திண்ணையில காலை நல்லா நீட்டிக்கலாம். நாளைக்கழிச்சு நீ ஏறப்போற வண்டியில காலை நீட்டணும்னா அதுக்குத் தனியா லட்சக்கணக்குல கட்டணும். அதனால இப்பவே நீட்டிக்க.

நேத்து ராத்திரி உங்க அப்பத்தாகிட்ட நீ பேசிக்கிட்டு இருந்தது என் காதுல விழுந்துச்சு. எனக்குக் காது மந்தம்னு ஊரே நம்பிக்கிட்டு இருக்கு. நானும் மறுத்துப் பேசுறதில்ல. ரொம்பச் சவுகரியமான வியாதி அது. என்ன சொன்ன நீ? "சென்னையில இருந்து நியூயார்க் 13,500 கிலோமீட்டர் அப்பத்தா. ஏரோப்ளேன் மணிக்கு 900 போகும். வகுத்தா 15 மணி நேரம். செல்லுலயே போட்டிருக்கான் பாரு." அந்த மனுசியும், வெள்ளன கிளம்புனா ராத்திரிச் சோத்துக்குப் போய்ச் சேந்துருவான்னு நெனச்சுக்கிட்டு, எத்தனை பேருக்குப் புளியோதரை கட்டணும்னு என்கிட்ட வந்து கேக்குது.

நீ படிச்ச புள்ள. நான் பஸ் ஸ்டாண்டுல 31 வருசம் டைம் கீப்பரா உக்காந்து எந்திரிச்சவன். தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம் வரும்னு எனக்கும் ஆறாங்கிளாஸ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரு. அந்தக் கணக்குப்படி ஓடுன பஸ்ஸு ஒண்ணைக்கூட நான் நோட்டுல எழுதுனதில்ல. சனங்க வந்து, "ஐயா, வண்டி எப்ப வரும்?"னு கேக்கும். நான் தலையைத் தூக்காமயே, "பாலத்தைத் தாண்டிட்டான், இந்தா வந்துருவான்"னு சொல்லுவேன். கிழக்க இருந்து வர்ற வண்டிக்கும் அதே பதில், மேக்க இருந்து வர்ற வண்டிக்கும் அதே பதில். எந்தப் பாலம்னு ஒருத்தன்கூடக் கேட்டதில்ல. இப்ப உன் செல்லுல உக்காந்துக்கிட்டு ஒருத்தன் 15 மணி நேரம்னு சொல்றான் பாத்தியா, அவனும் என்னைய மாதிரி ஒரு டைம் கீப்பர்தான். சம்பளம் கொஞ்சம் கூட இருக்கும்.

முதல்ல அந்த 13,500-ஐ எடுத்துக்குவோம். பொய்யில்ல. ஆனா அது எந்தப் பக்கமாப் போற 13,500னு கேட்டியா? எங்க, வடக்குத் தெரு பள்ளிக்கூடத்துச் சுவத்துல மாட்டியிருக்கிற உலகப் படத்தைப் பாத்துட்டு, அமெரிக்கா மேக்க இருக்கு, நேரா மேக்க பாத்துப் போவான்னு நெனச்சிருப்ப. போன வருசம் உங்க அத்தை வீட்டுக்குப் போகுறதுக்கு முந்தி நானும் அப்படித்தான் நெனச்சேன். அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், அங்கிட்டு அத்தை வீடுன்னு ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன்.

அந்தா, கூரை மேல கெடக்குற பூசணிக்காயை எடு. சணல் கயிறு ஒண்ணு எடு. காம்புக்குக் கொஞ்சம் கீழ, வயித்துப் பக்கமா ஒரு புள்ளி வையி, அது சென்னை. பின்னாடி முதுகுப் பக்கம் காம்புக்கு இன்னும் கிட்டத்துல ஒரு புள்ளி, அது நியூயார்க். இப்பக் கயித்தை ரெண்டு புள்ளிக்கும் இறுக்கிப் பிடி. கயிறு வயித்தைச் சுத்திப் போகுதா? போகாது, வழுக்கிக்கிட்டு காம்புப் பக்கம் ஏறிரும். அதான் குறுக்கு வழி. சென்னையில இருந்து நியூயார்க்குக்கு இழுத்துக்கட்டுன கோடு மேக்க போகல, கிட்டத்தட்ட வடக்கயே போகுது. மகாராஷ்டிரம், ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ரஷ்யா, நார்வே, கிரீன்லாந்து, அப்புறம் கனடா வழியா இறங்குது. நார்வே பக்கம் ஆர்க்டிக் வட்டத்தையே தொட்டுட்டு வருது. பள்ளிக்கூடச் சுவத்துல மாட்டுன படத்துல இந்தக் கோட்டை வரைஞ்சேன்னு வையி, குடிச்சவன் வீட்டுக்குப் போன மாதிரி வளைஞ்சு தெரியும். பூசணிக்காயில அதான் நேர்கோடு. உருண்டையா இருக்கறதைத் தட்டையாக்கிச் சுவத்துல ஆணியடிச்சா அது பதிலுக்கு நம்மளை ஏமாத்தத்தானே செய்யும்?

கெணறு வெட்டுறவன் ஒரு பேச்சு பேசுவான், கேட்டிருப்ப: "இன்னும் நாலடி தோண்டுனா அமெரிக்கா வந்துரும் சாமி"ன்னு. அதுவும் பொய்யிடா. நம்ம ஊருக்கு நேர் கீழ அமெரிக்கா இல்ல. தென் அமெரிக்காவுல பெருன்னு ஒரு நாடு இருக்கு, அதுக்கும் மேக்க 2,500 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, பசிபிக் சமுத்திரத்துக்கு நட்டநடுவுல போய் எந்திரிப்ப. கெணறு வெட்டுறவனுக்கு அதுகூட லாபந்தான், தண்ணி நிச்சயம். உப்பா இருக்கும், அம்புட்டுதான்.

சரி, அந்தக் குறுக்கு வழியில உன்னையக் கூட்டிட்டுப் போக வண்டி இருக்கா? சென்னைக்கும் நியூயார்க்குக்கும் பாயின்ட் டு பாயின்ட் கிடையாது. எங்கயாவது இறங்கி மாறித்தான் போகணும். அப்படியே ஒருத்தன் விடுறான்னு வச்சாலும், வானத்துலயும் வரப்புத் தகராறு இருக்குடா. 2022-ல ரஷ்யா உக்ரைன் சண்டை வந்ததும், ரஷ்யா தன் வானத்தை ஐரோப்பா, அமெரிக்காக்காரன் வண்டிக்கெல்லாம் மூடிருச்சு. பின்லாந்துக்காரன் ஹெல்சிங்கியில இருந்து டோக்கியோவுக்கு 9½ மணி நேரத்துல போய்க்கிட்டு இருந்தவன், வடதுருவத்தைச் சுத்திக்கிட்டு 13 மணி நேரம் போக வேண்டியதாப் போச்சு. ஏறுனவனுக்கெல்லாம் துருவத்தைத் தாண்டுனதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேற கொடுத்தான். நம்ம ஊருல ரோடு போடுறோம்னு சுத்தி விட்டா எவன் சர்ட்டிபிகேட் தர்றான்? 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் நம்ம நாட்டு ஏரோப்ளேனுக்கு வழியை அடைச்சப்ப, டெல்லியில இருந்து மேக்க போறவனெல்லாம் கடலோரமாச் சுத்திக்கிட்டுப் போனான். கயிறு நேராத்தான் இருக்கு. கயித்துக்குக் கீழ இருக்கறவன்தான் நேரா இல்ல.

இப்ப ஒரு அதிசயம் சொல்றேன் கேளு. மாறிப் போனா ரொம்பச் சுத்துன்னு நெனப்ப. துபாய் வழியாப் போறன்னு வையி. சென்னை துபாய் 2,900 கிலோமீட்டர் சொச்சம், துபாய் நியூயார்க் 11,000. ரெண்டையும் கூட்டிப் பாரு. நேர் வழியைவிட 450 கிலோமீட்டர் போலதான் கூட. அதாவது மதுரையில இருந்து மெட்ராஸ் போற தூரம். லண்டன் வழியாப் போனா அதுகூட இல்ல, 300தான் அதிகம். ஏன்னா ரெண்டு ஊரும் அந்தக் கயித்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. ஆனா எவனாவது டிக்கெட் மலிவுன்னு சிங்கப்பூர் வழியா ஏத்திவிட்டா உஷாரா இரு. சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க் போற வண்டிதான் இப்ப உலகத்துலயே நீளமான சிங்கிள். 15,300 கிலோமீட்டருக்கு மேல, எங்கயும் நிக்காம 18 மணி நேரத்துக்குக் குறையாது. அதுக்கு முந்தி நீ கிழக்க 2,900 கிலோமீட்டர் போயிருப்ப. நேர் வழியைவிட மொத்தம் 4,700 கிலோமீட்டர் கூட. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுன்னா இதுதான். அதுக்கும் சீட்டு முழுசாப் போயிருதுன்னா, உலகத்துல மூக்குத் தொட ஆள் நிறைய இருக்கு.

அடுத்தது டிக்கெட்டுல அச்சடிச்சிருக்கிற மணி. என் டிக்கெட்டைப் பாத்த டீக்கடைக்காரன், "என்ன பெருசு, காலையில 4 மணிக்கு ஏறுனா மத்தியானம் 2½ மணிக்கு அமெரிக்காவா? பத்தரை மணி நேரந்தான்"னு சொல்லி, இருந்த நாலு பேருக்கும் என் கணக்குல டீ போட்டுட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. டிக்கெட்டுல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அந்த 4 மணி மெட்ராஸ் மணி, அந்த 2½ மணி நியூயார்க் மணி. வெயில் காலத்துல அவன் நம்மளுக்கு 9½ மணி நேரம் பின்னாடி, குளிர் காலத்துல 10½. நம்ம முட்டாள்னு நெனச்சுக்கிட்டு வருசத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்தி வேற வைக்கிறான். பத்தரையோட ஒம்போதரையைக் கூட்டு. 20 மணி நேரம். துபாய்க்கு 4, அங்க ஓட்டமா ஓடி வண்டி மாறுனது 2, அங்கிட்டு 14. டீக்காசு மட்டும் பத்தரை மணி நேரத்துக்கே போயிருச்சு.

திரும்பி வர்றப்ப இதுக்கு நேர்மாறு. போகையில கொடுத்த மணியெல்லாம் வட்டி போடாம புடுங்கிக்குவான். 2021 ஜனவரியில ஏர் இந்தியா சான்பிரான்சிஸ்கோவுல இருந்து பெங்களூருக்கு ஒரு வண்டி விட்டுச்சு. வடதுருவத்துக்கு மேல பறந்து வந்தது. ஓட்டுன நாலு பேரும் பொம்பளைப் புள்ளைக. 9-ஆம் தேதி ராத்திரி ஏறுனவங்க, வானத்துல இருந்தது 17 மணி நேரந்தான், இறங்குனது 11-ஆம் தேதி விடியக்காலம். 10-ஆம் தேதி எங்க போச்சு? அந்த வண்டியில இருந்தவன் எவனுக்காவது 10-ஆம் தேதி வட்டி கட்ட வேண்டியிருந்திருந்தா, என்ன ஒரு அருமையான சாக்கு!

உங்க சித்தப்பன் ஒரு கேள்வி கேப்பான். சின்ன வயசுல இருந்து கேக்குறான், இன்னும் பதில் சொல்ல ஆளில்லன்னு நெனப்பு. "பூமி சுத்துதுல? ஏரோப்ளேனை மேல கொண்டுபோய் நிறுத்திட்டா, கீழ அமெரிக்கா தானா வந்துருமே. எதுக்கு எண்ணெய்ச் செலவு?" கேக்க நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊரு இருக்கிற எடத்துல பூமி மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல சுத்துது. ஆனா ஓடுற பஸ்ஸுக்குள்ள குதிச்சுப் பாரு. எந்த எடத்துல குதிச்சியோ அதே எடத்துலதான் இறங்குவ, கண்டக்டர் மடியில போய் விழ மாட்ட. பஸ்ஸுக்குள்ள இருக்கிற காத்தும் பஸ்ஸோடயே போகுது. பூமியும் அப்படித்தான், தன் காத்தையும் இழுத்துக்கிட்டே சுத்துது. இதை உன் சித்தப்பன்கிட்ட 20 வருசமாச் சொல்றேன். "அப்பப் பஸ்ஸுக்கு மேல நின்னா?"ன்னு கேக்குறான். மேல ஏறி நில்லுடான்னு சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பேசல.

அந்தக் காத்து விசயத்துல ஒண்ணு கத்துக்க. ஆடி மாசம் தேனி ரோட்டுல மேக்க பாத்து சைக்கிள் மிதிச்சிருக்கியா? போகையில உயிர் போகும். வரும்போது பெடல்ல கால் வைக்காமயே உசிலம்பட்டி வந்துரும். மேல, பத்துக் கிலோமீட்டர் உசரத்துல, வருசம் பூரா ஆடி மாசம். மேக்க இருந்து கிழக்க பாத்து ஆறு மாதிரி ஒரு காத்து ஓடுது. ஜெட் காத்துங்கறாங்க. மணிக்கு 200, சில நாளு 300 கிலோமீட்டர்கூட அடிக்கும். அதனாலதான் துபாய்ல இருந்து நியூயார்க் போக 14 மணி நேரம், வர 12½. தூரம் அதே தூரம். 2020 பிப்ரவரியில அட்லாண்டிக்ல ஒரு புயல் வந்தப்ப, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒண்ணு அந்தக் காத்து மேல ஏறி உக்காந்து, நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிசத்துல வந்து சேந்துச்சு. வழக்கமா 6½, 7 மணி நேரம் ஆகும். அதுக்கு முந்தி கான்கார்டுன்னு ஒருத்தன் இருந்தான். 1996-ல ஒருநாள் அதே தூரத்தை 3 மணி நேரத்துக்கும் குறைச்சலா, 2 மணி 53 நிமிசத்துல தாண்டுனான். சத்தத்தைவிட ரெண்டு மடங்கு வேகம். 2003-ல ஷெட்டுக்குப் போனவன் இன்னும் திரும்பல. எண்ணெய் குடிச்ச குடிக்கு டிக்கெட் வித்துக் கட்டுப்படியாகல.

எண்ணெய்னு சொல்லவும் ஞாபகம் வருது. நீ ஏறப்போற மாதிரி பெரிய போயிங் 777 வண்டியில, டேங்கை ரொப்புனா 1,80,000 லிட்டர் பிடிக்கும். நம்ம பங்க்குக்கு வர்ற 20,000 லிட்டர் டேங்கர் லாரி இருக்குல்ல, அதுல ஒம்போது. அவ்வளவையும் தூக்கிக்கிட்டுப் பறக்கணும். அவ்வளவையும் தூக்குறதுக்கே எண்ணெய் எரியணும். பழனிக்குப் பாதயாத்திரை போறவன் ஒரு மாசத்துக்குக் கட்டுச்சோறு தூக்கிட்டுப் போனா, தூக்குன களைப்புக்கே பாதியைத் தின்னுருவான். அதனாலதான் தூரம் கூடக் கூட எங்கயாவது இறங்கி ரொப்பிக்கிட்டுப் போறது மலிவு. மாத்துற ஊர்ல நம்மளை இறக்கி நடக்க விடுறது நம்ம முட்டி நல்லா இருக்கட்டும்னு இல்ல.

உனக்கு முந்தி போனவன் கதையையும் கேளு. எங்க பெரிய தாத்தா ரஜூலான்னு ஒரு கப்பல்ல நாகப்பட்டினத்துல ஏறி பினாங்கு போனாரு. ஏறக்குறைய ஒரு வாரம். இறங்கி ஒரு வாரத்துக்குத் தரை ஆடிக்கிட்டே இருந்துச்சாம். 1943-ல சண்டை நேரம்; சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடிச்சுட்டான், ஆஸ்திரேலியாவுக்கு இருந்த வழி அடைஞ்சுபோச்சு. அப்ப இலங்கையில காலிக்குப் பக்கத்துல கொக்கலன்னு ஒரு ஊரு, அங்க இருக்கிற ஏரித் தண்ணியில இருந்து கேட்டலீனான்னு ஒரு பறக்கும் படகு பெர்த்துக்குப் போகும். 5,600 கிலோமீட்டர் போல. நடுவுல நிக்க எடமில்ல. பயணிக மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டான். 27 மணி நேரத்துக்குக் குறையாது, சில தடவை 32 மணி நேரம். ஒரே பயணத்துல சூரியன் ரெண்டு தடவை உதிக்கும். அதுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தான். வானத்துல கஷ்டப்படுத்துறவன் எல்லாருமே சர்ட்டிபிகேட் கொடுத்துருவான் போல.

1947 டிசம்பர்ல குவாண்டாஸ் கம்பெனிக்காரன் சிட்னியில இருந்து லண்டனுக்கு வண்டி விட்டப்ப, கல்கத்தா, கராச்சின்னு ஆறு எடத்துல நின்னு நாலு நாள்ல போனான். பயணிக 29 பேரு, வேலைக்காரங்க 11 பேரு. மூணு பேருக்கு ஒரு கண்டக்டர்! நடுவுல சிங்கப்பூர்லயும் கெய்ரோவுலயும் ராத்தங்கல் வேற. இப்ப அந்தத் தூரத்தையே ஒரே மூச்சுல, 20 மணி நேரத்துக்குப் பக்கத்துல போறதுக்கு வண்டி செஞ்சுக்கிட்டு இருக்கான். நாலு நாள் போனவன் ராத்திரி கட்டில்ல படுத்தான்; 20 மணி நேரம் போறவன் உக்காந்தே இருப்பான். எது முன்னேத்தம்னு நீயே பாத்துக்க, எனக்கு என்ன தெரியும், நான் பஸ் ஸ்டாண்டுக்காரன்.

இப்ப என் சொந்தக் கணக்குக்கு வர்றேன். நோட்டுல எழுதியே வச்சிருக்கேன், பழக்க தோசம். செவ்வாக்கிழமை காலை 9 மணிக்கு இந்தத் திண்ணையை விட்டு இறங்குனேன். உங்க அப்பத்தா விபூதி பூசுனதுல பத்து நிமிசம் லேட்டு. மதுரை போக ஒண்ணரை மணி நேரம். அங்கிருந்து மெட்ராஸுக்குப் பஸ்ஸுல ஒம்போது மணி நேரம். மெட்ராஸ்க்குள்ள போயி, மெட்ராஸைத் தாண்டி, ஏர்போர்ட்டுக்குள்ள நுழையறப்ப ராத்திரி 12. பறக்குறதுக்கு மூணு மணி நேரம் முந்தி வரணும்னு சட்டம். நான் நாலு மணி நேரம் முந்திப் போனேன்; எனக்கு வண்டியை விட்டுப் பழக்கமில்ல. பெல்ட்டைக் கழட்டு, செருப்பைக் கழட்டுன்னாங்க. அருணாக்கயித்துல இருந்த வெள்ளித் தாயத்து கீங்கீங்னு கத்துச்சு. புதங்கிழமை 4 மணிக்கு ஏறுனேன். 20 மணி நேரம் கழிச்சு இறங்குனேன். இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வர்ற வரிசை ரெண்டு மணி நேரம். வந்த காரியம் என்னன்னு கேட்டான். பேத்தியைப் பாக்கன்னு சொன்னேன். எத்தனை நாள் இருப்பன்னு கேட்டான். அதை என் மருமகன்கிட்டதான் கேக்கணும்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே குத்துனான் முத்திரை. அப்புறம் நியூஜெர்சிக்கு ரோட்டுல ஒண்ணரை மணி நேரம்.

வீட்டுப் படியேறையில கையில கட்டியிருந்த வாட்சைப் பாத்தேன். அதை நான் மாத்தவே இல்ல, நம்மூர் மணியிலயே ஓட விட்டிருந்தேன். வியாழக்கிழமை விடியக்காலம் 3½. செவ்வாக்கிழமை 9-ல இருந்து எண்ணு. 42½ மணி நேரம். அதுல வானத்துல இருந்தது 18. மிச்சம் 24½ மணி நேரத்தை உன் செல்லு எந்தக் கணக்குல எழுதுச்சு? தூரத்தை அளந்தவன் ஓடுபாதையில இருந்து ஓடுபாதைக்கு அளந்தான். நீ ஓடுபாதையிலயா குடியிருக்க?

இன்னொரு ரகசியம். அச்சடிச்ச நேரத்துக்குள்ள கொஞ்சம் சும்மா நேரத்தையும் சேத்துத்தான் போட்டிருப்பான். வண்டி வாசலை விட்டு நகந்ததுல இருந்து அந்தப் பக்கத்து வாசல்ல நிக்கிற வரைக்கும் அவன் கணக்கு. தரையில உருண்டுக்கிட்டு வரிசையில நிக்கறதும் அதுல அடக்கம். முன்னப்பின்ன ஆனா தாங்கட்டும்னு 20 நிமிசம், அரை மணி கூடப் போட்டு வைப்பான். அப்புறம் இறங்கையில மைக்குல, "20 நிமிசம் முன்னாடியே வந்துட்டோம்"னு பீத்துவான். பக்கத்து சீட்டுக்காரன் கை தட்டுனான். நான் தட்டல. 31 வருசம் நான் செஞ்ச தொழிலுக்கு நானே எப்படிக் கை தட்டுறது?

உள்ள உக்காந்திருக்கறதுக்கு ரெண்டு யோசனை சொல்றேன், வேணும்னா வச்சுக்க. வெளிய ஐஸைவிடக் குளிரு, பூச்சியத்துக்குக் கீழ 50 டிகிரி. உள்ள காத்தை அடைச்சு வச்சிருப்பான், ஆனா தரையில இருக்கிற மாதிரி முழுசா இல்ல. ஏறக்குறைய கொடைக்கானல் உசரத்துல இருக்கிற மாதிரி. அதுவும் ஈரமே இல்லாத கொடைக்கானல். தொண்டை வறளும், மூக்கு காயும், நாக்குக்கு உப்பும் இனிப்பும் உறைக்காது. அவன் கொடுக்கிற சோத்தைத் திட்டாத; பாதிக் குத்தம் உன் நாக்கு மேல. புளியோதரை மட்டும் அங்கயும் புளியோதரையாத்தான் இருந்துச்சு, அதை அப்பத்தாகிட்ட சொல்லிரு. ஊறுகாயைக் கைப்பையில வைக்காத, நூறு மில்லிக்கு மேல எதையும் விட மாட்டான். பெட்டியில போடு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு நட. நான் நடந்தேன், கால் வீங்கும்னு இல்ல, பழக்கத்துல எத்தனை டிக்கெட் ஏறியிருக்குன்னு எண்ணிப் பாத்தேன்.

அப்புறம் சூரியன். துபாய்ல காலை 8½ மணிக்கு வண்டி கிளம்புச்சு. சூரியன் மேக்க போகுது, நாங்களும் மேக்க போறோம். 14 மணி நேரம் கழிச்சும் மத்தியானந்தான். வெளக்கு வைக்கிற நேரமே வரல. உடம்பு ராத்திரி 12-ங்குது, சன்னல் 2½-ங்குது. உடம்பு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போலத்தான் சரியாகும்னு உங்க அத்தை சொல்லுச்சு. மேக்க போறவனுக்குக் கொஞ்சம் சுளுவு, கிழக்க வர்றவனுக்குத்தான் கஷ்டம். அங்க போயி முதல் வாரம் விடியக்காலம் 2 மணிக்கு எந்திரிச்சு வாசல் தெளிக்க ஆளைத் தேடுனேன். இங்க திரும்பி வந்து பத்து நாள் ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு இருந்தேன். களவாணிப்பயக எல்லாம் இந்தத் தெருப் பக்கமே வரல. ஊர்க்காரங்க பத்து நாளோட ஏன் நிறுத்திட்டன்னு கேட்டாங்க.

போன் பண்ணு. ஆனா உங்க அப்பத்தா காலையில 6 மணிக்கு "சாப்பிட்டியா"ன்னு கேக்கும். அங்க முந்தின நாள் ராத்திரி 8½. "சாப்பிட்டேன்"னு சொன்னா, "காலங்காத்தால என்னத்தைச் சாப்பிட்ட?"ன்னு கேக்கும். அதுக்கு மணி வித்தியாசத்தை வெளக்க ஆரம்பிச்சுராத. நான் உங்க அத்தை போன நாள்ல இருந்து வெளக்குறேன். "இட்லி"ன்னு சொல்லிரு. எந்தப் பக்கத்து மணிக்கும் பொருந்தும்.

என்ன, திரும்பத் திரும்ப செல்லையே பாக்குற? மதுரை போயி ஸ்வெட்டர் வாங்கணுமா? 5:40 வண்டி இன்னும் வரலையா? அந்தச் செல்லை உள்ள வையி. நான் இங்க எதுக்கு இருக்கேன்? பாலத்தைத் தாண்டிட்டான், இந்தா வந்துருவான்.

என்னது?

எந்தப் பாலமா?

அடப் பாவி. 31 வருசத்துல இதைக் கேட்ட மொத ஆளு நீதாண்டா. போ, நியூயார்க்ல பொழச்சுக்குவ.